247 புள்ளி, ஒரே இழை

கோபர்கைரனே நிலையத்தில் காலை நேரத்தில் வந்து நிற்பவர்கள் முதலில் பார்ப்பது தண்டவாளத்தை அல்ல, இண்டிகேட்டரை. தானே வண்டிக்கு இன்னும் 4 நிமிடம் என்று அதில் இருந்தால் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். இண்டிகேட்டர் இருண்டு கிடந்தாலோ அதே 4 நிமிடம் 40 நிமிடமாக நீளும். காத்திருப்பது கஷ்டமில்லை, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம்.

செல்போனிலும் இதே கதைதான். 2016-இல் யூபிஐ வந்த பிறகு காய்கறிக்காரரிடமும் இஸ்திரிக்காரரிடமும் போனை நீட்டிப் பணம் கொடுக்கிறோம். பணம் போய்ச் சேரும்வரை திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. அது நாலு விநாடிக்கு மேல் சுழன்றால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வயிற்றில் புளி கரைகிறது. அந்தச் சின்ன வட்டம் வெறும் அலங்காரமல்ல என்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு முன்னேற்றப் படத்தை நானே வரைந்து, நானே அசையவைக்கும் வேலை எனக்கு அமைந்தது. அலுவலகத்துக்காக அல்ல, நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்கான செயலிக்காக. மென்பொருள் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தக் கதையில் கோலமாவும் உண்டு, உயிர்மெய் எழுத்தும் உண்டு.

காத்திருப்பின் கணக்கு

1985-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிராட் மையர்ஸ், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று கணிப்பொறி காட்ட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்படிக் காட்டும் பட்டை இருந்தால் மனிதர்கள் அதிகம் பதறுவதில்லை, அந்த நேரத்தில் வேறு வேலையையும் திட்டமிட்டுக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். இன்று நம் போன்களில் நிரம்பிக்கொண்டே போகும் பட்டைகளுக்கெல்லாம் அந்தக் கட்டுரை ஒரு முன்னோடி.

பிறகு வந்தவர்கள் மனித மனத்தை இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். கிறிஸ் ஹாரிசன் என்பவரும் அவருடைய நண்பர்களும் 2007-இல் ஒரு சோதனை செய்தார்கள். பட்டை ஒரே நேரத்தில்தான் நிரம்பும். ஆனால் ஒன்று கடைசியில் தயங்கி நிற்கும், இன்னொன்று கடைசியில் வேகமெடுக்கும். வேகமெடுத்த பட்டையே சீக்கிரம் முடிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2010-இல் பட்டைக்குள் வரிவரியான கோடுகளைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்தார்கள். காத்திருந்த நேரம் 11 சதவீதம் குறைவாகத் தோன்றியது!

கடிகாரம் மாறவில்லை, கண் மாத்திரம் மாறியது. இங்கேதான் இந்தத் தொழிலின் தர்மசங்கடம் ஆரம்பிக்கிறது. முன்னேற்றப் படம் உண்மையைச் சொல்லவும் செய்யலாம், உண்மையைப் போல நடிக்கவும் செய்யலாம். கோப்பு ஒன்று இறங்கும்போது இந்த நடிப்பால் பெரிய நஷ்டமில்லை. ஒரு குழந்தையின் படிப்பை அளக்கும்போது?

12 சதவீதம் என்ற பழி

நம் வகுப்புப் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் ஆங்கிலம், கட்டடத்தில் விளையாடும்போது இந்தி, பாடமாக மராத்தி. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ஊரிலிருந்து தாத்தா தமிழில் அனுப்பும் செய்தியைப் படித்துச் சொல்ல அம்மா வேண்டும். வகுப்பில் சேரும்போது உற்சாகம் இருக்கிறது. க, கா, கி, கீ என்று இரண்டு மூன்று வரிசை போனதும் மலைப்பு வந்துவிடுகிறது. இன்னும் இத்தனை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நின்றுபோகிற பிள்ளை பிறகு திரும்பி வருவது அபூர்வம். நம் குடும்பங்களில் ஒரு தலைமுறையோடு தமிழ் எழுத்து நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

செயலியில் வழக்கமான பட்டையை வைத்தால் என்ன ஆகும்? தமிழ் எழுத்து மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உயிரும் மெய்யும் சேர்த்து 30 எழுத்தை ஒரு பிள்ளை பாடுபட்டுக் கற்று முடித்ததும் பட்டை ‘12 சதவீதம்’ என்று காட்டும். கணக்கு சரி, நியாயம் தவறு. அந்த 30 எழுத்தும் அதன் குறிகளும் பிடிபட்டால் மற்ற எழுத்தெல்லாம் பெரும்பாலும் சேர்க்கைதானே! பாதிக் கிணறு தாண்டிய பிள்ளையைப் பார்த்து, நீ இன்னும் கரையிலேயே நிற்கிறாய் என்று சொல்வதற்குச் சமம் அது.

ஆகவே எண் வேண்டாம், படம் வேண்டும் என்று முடிவு செய்தோம். என்ன படம்? ரயில் போகலாம், பூ மலரலாம், ராக்கெட் பறக்கலாம் என்று பல யோசனை வந்தது. எல்லாம் அழகுதான். ஆனால் எதுவும் தமிழ் எழுத்தின் அமைப்பைச் சொல்லவில்லை.

அட்டவணைக்குள் இருந்த கோலம்

சுவரில் மாட்டும் எழுத்து அட்டவணையை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு வரிசையில் 12 உயிர். இடது பக்கம் மேலிருந்து கீழாக 18 மெய். நடுவில் 216 உயிர்மெய். மூலையில் மிஞ்சும் ஒரு கட்டத்தில் ஆய்தத்தை வைத்துவிட்டால் அட்டவணை நிறைந்துவிடும். அதாவது குறுக்கே 13, நெடுக்கே 19. 13 × 19 = 247!

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி வைத்தால் அது 13 புள்ளி, 19 வரிசை, நேர்ப்புள்ளி. கோல நோட்டு வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பாஷை புரியும்.

புள்ளி கிடைத்தது, இனிக் கோடு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் சிக்குக் கோலத்தில், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கிட்டுப் போகிற எளிய வகை ஒன்று உண்டு. கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் ஓரத்தில் பட்டுத் திரும்புவது போல இதில் கோடு சாய்வாகப் போய், ஓரத்தில் வளைந்து, மறுபடி சாய்வாகப் போகும். இந்த வகைக்கு ஒரு கணித விதி இருக்கிறது. குறுக்கே உள்ள எண், நெடுக்கே உள்ள எண் இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை தனித்தனி இழை வரும். 2-க்கு 2 வைத்தால் இரண்டு இழை. 3-க்கு 3 வைத்தால் மூன்று. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 2-க்கு 3 வைத்தால் ஒரே இழை. மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ், அங்கோலா நாட்டு மக்கள் மணலில் வரையும் சித்திரங்களையும் நம் தமிழ்க் கோலங்களையும் இந்தக் கண்ணோடு ஆராய்ந்தவர்.

13, 19 இரண்டும் பகா எண்கள். இரண்டுக்கும் பொதுவாக வகுக்கும் எண் 1 மாத்திரமே. எனவே தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் ஒரே ஒரு இழை சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே முடிகிறது! பேப்பரில் போட்டுப் பார்த்து இது உறுதியானபோது, நம் முன்னேற்றப் படம் இதுதான் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை.

இன்னொரு பொருத்தமும் கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கோடு நான்கு துண்டாக அமைகிறது. 247 × 4 = 988 துண்டு. ஆக, பிள்ளை ஒரு எழுத்தைக் கற்றால் கோடு நான்கு அடி முன்னே நடக்கும். மிச்சம் மீதி எதுவுமில்லை.

தாம்பரத்தில் போட்ட பாதை

கோலத்தையும் கணிப்பொறியையும் இணைப்பது புதிய யோசனை என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ள முடியாது. 50 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள்.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). புள்ளியியல் படித்தவர் புள்ளிக் கோலத்தில் இறங்கியது பொருத்தம்தானே! அவரும், கணித அறிஞரான அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம். சில விதிகளைக் கொண்டு சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்த்துக்கொண்டே போகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். படங்களைக் கணிப்பொறி எப்படிப் புரிந்துகொள்ளும் என்று உலகெங்கும் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. கம்பிக் கோலத்தின் இழையை, இப்போது நேரே போ, இப்போது இந்தப் பக்கம் வளை என்று அடியடியாக எழுதிவைக்கும் முறையும் இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக உருவானது. 2002-இல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோல மரபைப் பற்றி எழுதியபோது இந்தச் சென்னை ஆராய்ச்சியை உலக வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

வாசலில் பெண்கள் தினமும் போட்டு, தினமும் மிதிபட்டு அழிகிற ஒன்றை ஆராய்ச்சிக்குரியதாக மதித்தார்களே, அதுதான் பெரிய விஷயம். எங்கள் செயலி அவர்கள் போட்ட பாதையில் ஒரு சின்ன நடை.

கோடு நடப்பது எப்படி

இனிச் சமையலறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

போன் திரையில் எந்த வளைவையும் வரைய நான்கு புள்ளி போதும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, வளைவைத் தம் பக்கம் இழுக்கும் இரண்டு. பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே, கார் உடம்பின் வளைவுகளை வரைவதற்காக இந்த முறையை 1960-களில் பிரபலப்படுத்தினார். கார் கதவுக்காக வந்த கணக்கு கோலத்தின் ஓர வளைவுக்கும் உதவுகிறது.

988 துண்டையும் ஒன்றாகக் கோத்து ஒரே நூலாக்கிவிட்டால், நூலின் மொத்த நீளத்தைப் போனே அளந்து சொல்லும். அதில் எத்தனை பங்கு தெரிய வேண்டும் என்று நாம் சொன்னால் போதும். அதுவரை வரைந்து நிறுத்தும். அந்தப் பங்கைச் சிறுகச் சிறுக ஏற்றினால் கண்ணுக்குக் கோடு நடப்பது போலத் தெரியும். சினிமாவில் விநாடிக்கு 24 படம். போனில் பொதுவாக விநாடிக்கு 60. ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடி. அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் கோடு விக்கி விக்கிப் போகும்.

நம் பிள்ளைகளின் கைக்கு வருவது பெரும்பாலும் அப்பாவின் பழைய போன். ஒவ்வொரு தடவையும் 988 துண்டையும் புதிதாக வரையச் சொன்னால் அது திணறும், பாட்டரியும் இறங்கும். அதனால் ஏற்கெனவே நடந்து முடிந்த இழையை ஒரு படமாகப் பிடித்து வைத்துவிட்டு, புதிய நான்கு அடியை மாத்திரம் அதன்மேல் வரையும்படி செய்தோம்.

வேகத்துக்குக் குரு என் மாமியார். எங்கள் கட்டடத்தில் வாசல் என்பது டைல்ஸ் போட்ட நடைபாதைதான். அதிலும் அவர் வெள்ளிக்கிழமை தோறும் சாக்பீஸால் கோலம் போடாமல் இருக்கமாட்டார். அவர் கையைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கை மெல்லப் புறப்படுகிறது, நடுவில் வேகமெடுக்கிறது, வளைவு நெருங்கியதும் தணிகிறது. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த ஓவியர்கள் இருவர் 1981-இல் எழுதிய புத்தகத்தில் சொல்லும் 12 விதிகளில் இதுவும் ஒன்று: எந்த அசைவும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்க வேண்டும். மாமியாரிடம் சொன்னேன். “இதுக்குப் பொஸ்தகம் வேறயா? கைக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த இழைக்குப் போய்விட்டார்.

இன்னொரு சிக்கல் விரல். திரையின் அகலத்தில் 13 புள்ளி வைத்தால் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் இடம், ஆண்ட்ராய்டு போனில் விரலால் தொடுவதற்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே புள்ளியைத் தொட வேண்டியதில்லை. வரிசையைத் தொட்டால் அந்த வரிசை பெரிதாகி எழுத்துகள் தெரியும். கற்ற எழுத்தின் புள்ளி நிறம் மாறுவதோடு பருமனும் ஆகும். நிற வேறுபாடு சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் அது புரிய வேண்டுமே!

சலுகையா, உண்மையா?

தொண்டர் குழுவில் ஒரு வாதம் பலமாக நடந்தது. சேர்ந்தவுடனே கொஞ்சம் கோலத்தை இலவசமாகப் போட்டுக் கொடுப்போம், பிள்ளைக்கு உற்சாகம் வரும் என்றார் ஒரு தம்பி. அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. அமெரிக்காவில் ஜோசப் நியூன்ஸ், சேவியர் டிரேஸ் என்ற இரு பேராசிரியர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு தடவை இலவசம். மீதிப் பேருக்கு 10 முத்திரை, ஆனால் 2 முத்திரை முன்கூட்டியே குத்தித் தரப்பட்டது. இரு சாராருக்கும் பாக்கி 8 தான். முதல் சாராரில் 19 சதவீதத்தினரும் இரண்டாம் சாராரில் 34 சதவீதத்தினரும் அட்டையை நிறைத்தார்கள்.

தொடங்கிய வேலையை முடிக்கத் துடிப்பது மனித இயல்பு. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் குழந்தைக்குப் பொய்க் கணக்குக் காட்டக் கூடாது என்பது என் கட்சி. கடைசியில் இரண்டுக்கும் இடமிருக்கும் வழி ஒன்று கிடைத்தது. நம் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. பாட்டி வீட்டுக் காலண்டரிலோ அம்மாவின் போனிலோ பார்த்து ‘அ’, ‘ம’ என்று நாலைந்து எழுத்தாவது அதற்கு அடையாளம் தெரிந்திருக்கும். ஆகவே முதல் நாள் ஒரு விளையாட்டு. தெரிந்த எழுத்தைத் தொடு; தொட்டதற்கெல்லாம் புள்ளி ஒளிரும், கோடு நடக்கும். அது சலுகை அல்ல, அந்தக் குடும்பம் ஏற்கெனவே கொடுத்த சொத்து.

மறதிக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. போன மாதம் தெரிந்த ‘ஞை’ இந்த மாதம் மறந்துபோனால் கோடு பின்வாங்குமா? போட்ட கோலத்தைக் கண்ணெதிரே அழித்தால் எந்தப் பிள்ளையும் போனைத் தூக்கி எறிந்துவிடும். மறதியை மறைத்தாலோ படம் பொய்யாகிவிடும். எனவே இரண்டையும் பிரித்தோம். கோடு, நடந்த தூரம். அது ஒருபோதும் பின்வாங்காது. புள்ளி, நினைவில் உள்ள எழுத்து. மறந்தால் மங்கும், மறுபடி சொன்னால் ஒளிரும்.

‘கா’ படித்தால் கோடு ‘கா’வையே சுற்ற வேண்டாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். சுற்றாது. இழைக்கு அதன் வழி உண்டு. தொடக்கத்தில் அது ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகப் போய்க்கொண்டிருக்கும். எந்தப் புள்ளியும் முழுதாகச் சூழப்பட்டிருக்காது. பார்க்கிறவருக்கு அர்த்தமில்லாத கிறுக்கல் போலத் தோன்றும். போகப் போகக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, புள்ளிகள் ஒவ்வொன்றாக அடைபடும். மொழி படிப்பதும் அப்படித்தானே? முதல் மாதங்களில் தட்டுத் தடுமாறல். பிறகு ஒருநாள் கடைப் பலகையைப் பிள்ளை தானாக வாசிக்கிறது.

உயிரும் மெய்யும் முடிந்த பிள்ளையின் திரையில் மேல் வரிசையும் இடது வரிசையும் மாத்திரம் ஒளிரும். நிலைவாசலில் பாதிச் சட்டம் போல இருக்கும். 12 சதவீதம் என்ற எண் அங்கே இல்லை. அதற்குப் பதில், ‘க்’ வரிசையும் ‘ஆ’ வரிசையும் சந்திக்கும் புள்ளியில் விரல் வைத்து, இது கா-தானே என்று கேட்கிறது பிள்ளை. நாம் சொல்லிக் கொடுக்காமலே அட்டவணை சொல்லிக் கொடுக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எந்தப் படமும் தானே தமிழ் கற்பித்துவிடாது. 247-ஆவது எழுத்தில் இழை வந்து ஆய்தத்தின் அருகே, தான் தொடங்கிய இடத்தைத் தொட வேண்டுமானால், வாரத்தில் மூன்று நாளாவது வீட்டுப் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போது, எத்தனை முடித்தாய் என்று கேட்காதீர்கள். எந்தப் புள்ளி மங்கியிருக்கிறது, வா சேர்ந்து பார்ப்போம் என்று கேளுங்கள். கணக்குக் கேட்கிறவரைவிடக் கூட நடக்கிறவரைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்த வாரமே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு தாளில் 2-க்கு 3 புள்ளி வைத்து, கை எடுக்காமல் ஒரே இழையில் சுற்றி வரப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு 3-க்கு 4, அதன் பிறகு 3-க்கு 3. கடைசியில் மாத்திரம் ஏன் மூன்று இழை வேண்டியிருக்கிறது என்று அதுவே கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது கணிதமும் தமிழும் கோலமும் ஒரே தாளில் வந்து உட்காரும்.

பெட்டியில் பாட்டியின் கோல நோட்டு வைத்திருப்பவர்கள் ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினால் மகிழ்வோம். அடுத்து, சொற்கள் பழகும் பாடத்துக்கு இடைப்புள்ளிக் கோலங்கள் தேவைப்படுகின்றன.